தோணாவாய் அவசரகாலம்

மருதங்கழியில் தனியாள் ஆட்சி வந்ததற்குக் காரணம் ஒரு லொறி ஹோர்ன். அழகரத்தினத்தைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். லொறிக்காரனைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வான், ஆனால் அவனை யார் கேட்கிறார்கள்?

ஆடி அமாவாசைக்கு முதல்நாள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு ஊரே புறப்பட்டு நிற்கிறது. பாடசாலை வாசலில் லொறி, லொறிக்குள் பெண்கள், பிள்ளைகள், பாய் தலையணை, இவை எல்லாவற்றுக்கும் மேலே கால் மேல் கால் போட்டுக்கொண்டு அழகரத்தினத்தின் மனைவி கேதீஸ்வரி. பாடசாலை மண்டபத்துக்குள்ளே மருதங்கழி வட்டை தோணா நலன்புரி ஒன்றியத்தின் பொதுக்கூட்டம். இப்படியொரு நாளில் எந்த மடையன் கூட்டம் வைப்பான் என்று கேட்பீர்கள். மடையன் வைக்க மாட்டான். தலைவர் வினாயகமூர்த்தி நன்றாக யோசித்துத்தான் வைத்தார்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பழுகாமத்துக்கு அங்கால, வாவியோரமாகக் கிடக்கிறது மருதங்கழி. மேட்டில் வயல்வெளி, அதை வட்டை என்பார்கள். பள்ளத்தில் தோணா. வட்டைத் தண்ணீரெல்லாம் வடிந்து வந்து அதற்குள்தான் தேங்கும். தோணாவுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. திட்டு மூடியிருந்தால் தோணாவில் இறால் வளரும், மீன்பிடிக்கிற சனத்துக்குக் கொண்டாட்டம். மாரியில் திட்டை வெட்டாவிட்டால் தண்ணீர் ஏறி வட்டை முங்கும், வயல்காரர் வாயில் மண். ஆகவே முந்தின ஆட்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். திட்டை வெட்டுவதென்றால் முதல் மண்ணை இரண்டு பேர் சேர்ந்து வெட்ட வேண்டும், வயலுக்கு ஒருவர், தோணாவுக்கு ஒருவர். ஒருவர் வராவிட்டால் மற்றவர் மண்வெட்டியைத் தொடக்கூடாது. அதற்குப் பெயர் இரட்டைமண். ஒன்றியத்தின் யாப்பில் மிச்சமெல்லாம் சந்தாவும் தேநீரும்தான்.

இந்த இரட்டைமண்தான் வினாயகமூர்த்தியின் கண்ணை உறுத்தியது. அவர் அரசாங்கக் கந்தோரொன்றில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். வர்த்தமானித் தமிழைத் தவிர வேறு தமிழ் அவர் வாயில் வராது. பசித்தால், “மதிய உணவு தொடர்பில் உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டுள்ளனவா?” என்றுதான் கேட்பாராம். இது அவருடைய மனைவி அன்னப்பூரணி கிணற்றடியில் சொன்னது.

அன்றைக்கு அவர் எழுந்து, யாப்பில் பதினேழாம் பிரிவாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று வாசித்தார். “வெள்ளம், வெள்ளம் வருமென்ற அச்சம், அல்லது அவ்வச்சம் இல்லாதிருத்தல் ஆகிய ஏதேனுமொரு காரணத்தால் தலைவர் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்து, இரட்டைமண் உட்பட சகல ஏற்பாடுகளையும் இடைநிறுத்தித் தனியாகக் கருமமாற்றலாம். அவசரகாலம் முடிவுற்றதா என்பதைத் தலைவர் தீர்மானிப்பார். தலைவரின் தீர்மானம் பிழையெனின் அதனையும் தலைவரே தீர்மானிப்பார்.”

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “நாட்டு யாப்பிலேயே சனாதிபதிக்கு இப்படியொரு வசதி இருக்கிறது. மருதங்கழிக்கு மட்டும் இல்லையென்றால் நமக்கல்லவா வெட்கம்!”

மண்டபத்தில் பாதிப்பேருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கொழும்பில் இருக்கிற ஒன்று நம்மிடமும் இருக்கப் போகிறது.

தோணாப் பக்கத்துப் பிரதிநிதி சுலோஜனா எழும்பினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிக்கிறவள், குரலும் அதற்கேற்ற குரல். “இதென்னகா கூத்து! திட்ட வெட்ட எங்களக் கேளாம ஒராளா முடிவெடுக்கவா? மறுகா எங்கட இறாலெல்லாம் வாவிக்க ஓடினா ஆரு பிடிச்சுத் தாற?”

அந்த நேரம் பார்த்து ஹோர்ன். அதற்கு மேலால் கேதீஸ்வரியின் குரல். “இஞ்சேருங்க! வாறீங்களா, இல்ல அங்கேயே குடியிருக்கப் போறீங்களா?”

அழகரத்தினத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் அரசியல் தெரியாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தேநீர்க்கடையில் இரண்டு பத்திரிகை வாசிப்பார், நாடு எங்கே பிழை விட்டது என்று கடைக்காரனுக்கு விளக்குவார். அப்பேர்ப்பட்டவர் எழும்பி நின்று, “நான் முன்மொழியிறன், சுறுக்கா முடிங்க” என்றார். பக்கத்தில் இருந்த ஏறாவூர் முத்தலிப் காக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கும் அந்த வட்டையில் வயல் இருந்தது. “லுஹருக்கு நேரமாகிற்று, நான் வழிமொழியிறன்” என்றார் அவர். ஒருவருக்குத் தீர்த்தம், ஒருவருக்குத் தொழுகை. சுலோஜனாவின் ஆட்களைத் தவிர மண்டபமே கையை உயர்த்தியது, உயர்த்திய கையோடேயே சனம் லொறிக்கு ஓடியது. மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் முங்கி எழும்பினபோது அழகரத்தினத்துக்குத் தான் செய்த பாவம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. அழகரத்தினத்தின் காணி தோணாவை ஒட்டின பள்ளக்காணி. ஊருக்குள் தண்ணீர் வந்தால் முதலில் அவரிடம்தான் வரும். அந்த நெல்தான் அவர் வீட்டு வருஷச் சோறு. தண்ணீர் இளம் பயிரின் கழுத்தைப் பிடிக்கையில் வினாயகமூர்த்தி மணல்திட்டில் கதிரை போட்டு ஏறி நின்று அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தார். யாரையும் கேட்கவில்லை, தானே வெட்டினார். உண்மையில் அவர் ஒரு தரம் கொத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார், மிச்சத்தைப் பொடியன்கள் வெட்டினார்கள். தண்ணீர் கடகடவென்று வாவிக்குள் இறங்கியது.

அழகரத்தினம் எல்லாருக்கும் முதல் ஓடிப்போய்த் தலைவருக்கு மாலை போட்டார். சுலோஜனா வலையும் கையுமாக வந்து நின்றாள். “ஒரு வல போட விட்டீங்களா? இறாலெல்லாம் போயிற்றே!”

“ஊருக்கு ஒரு நல்லது நடக்கக்குள்ள இறாலப் பத்திக் கதைக்கிறியா புள்ள? கொஞ்சம் பெரிசா யோசி” என்றார் அழகரத்தினம். இந்த வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது மடல் சுடும்.

தண்ணீர் வடிந்தது. வாவி அலை மணலைக் கொண்டுவந்து திட்டையும் பழையபடி மூடிவிட்டது. அவசரகாலம் மட்டும் அப்படியே நின்றது. அறிவித்தல் பலகையில் தாள் ஒட்டினார்கள்: ‘வெள்ளம் இல்லாத நிலை தொடர்ந்து நிலவுவதால், அந்நிலையைப் பேணும் பொருட்டு அவசரகாலம் நீடிக்கப்படுகிறது.’ சரி, ஏதோ காரணமிருக்கும் என்று அழகரத்தினம் வீட்டுக்குப் போனார். கொழும்புப் பாராளுமன்றத்தில் மாதாமாதம் கை தூக்கித் தூக்கி அவசரகாலத்தை நீடித்துப் பழகின நாடுதானே இது.

அதற்குப் பிறகு விசில் வந்தது. தலைவரின் மச்சினன் விஜிதரன் ‘அவசரகாலப் பாதுகாப்பு இணைப்பாளர்’ ஆனான். தலைவர் பாண் வாங்கப் போனாலும் முன்னால் விஜிதரன் மோட்டார்சைக்கிளில் விசிலூதிக்கொண்டு போவான். வீதியில் யார் இருப்பார்கள்? இரண்டு மாடும் ஒரு கிழட்டு நாயும். அவை ஒதுங்கி வழிவிட்ட பிறகு தலைவர் கையை அசைப்பார்.

பிறகு மணல்திட்டு பாதுகாப்பு வலயமானது. இறால் பிடிக்கிற பெண்கள் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. பிறகு நிருவாக சபையைக் கலைத்து ஆலோசனைச் சபை வைத்தார்கள். அதில் மூன்று கதிரை. ஒன்றில் தலைவர், ஒன்றில் விஜிதரன், மூன்றாவதை மாற்றுக் கருத்துக்காக வெறுமையாக விட்டிருந்தார்கள். சபை கூடும்போதெல்லாம் தலைவர் அந்தக் கதிரையைப் பார்த்து, “ஆட்சேபனை உண்டா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் தீர்மானம் நிறைவேற்றுவார்.

இவையெல்லாம் பெரிய காரியமில்லை. நாலாம் ஒழுங்குவிதியும் ஐந்தாம் ஒழுங்குவிதியும்தான் ஆளைத் தின்றன. நாலாம் விதிப்படி வெள்ளம் வரும் என்று ஒருவரும் சொல்லக்கூடாது, அது பீதியைக் கிளப்பும். ஐந்தாம் விதிப்படி வெள்ளம் வராது என்றும் சொல்லக்கூடாது, அது அவசரகாலத்தைக் குறைத்து மதிப்பிடும். ஒருநாள் அழகரத்தினம் வரம்பால் போகையில் விஜிதரன் மறித்தான்.

“அண்ணன், வானத்தப் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

அழகரத்தினம் யோசித்து யோசித்து, “வானமா தம்பி? அது மேல இரிக்கு” என்றார்.

விஜிதரன் எழுதிக்கொண்டு, முதல் தடவை என்றபடியால் எச்சரித்து விட்டான். குற்றம் என்னவென்றால், பதில் சொல்வதற்கு முன் அவர் அண்ணாந்து பார்த்தாராம். சொந்தமாக அவதானிப்பதற்கு விதியில் இடமில்லையாம்.

வீட்டுக்கு வந்து கேதீஸ்வரியிடம் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்லா வேணும். ஹோர்னுக்குப் பயந்து கை தூக்கின ஆள்தானே!”

“ஹோர்ன் அடிக்கச் சொன்னது ஆரு?”

“நான் ஹோர்ன்தான் அடிக்கச் சொன்ன. நாட்ட எழுதிக் குடுக்கவா சொன்ன?”

இந்த வீட்டில் அழகரத்தினத்துக்கு ஒருகாலமும் பெரும்பான்மை கிடைத்ததில்லை.

மார்கழியில் ஒன்றியத்துக்குத் தேர்தல் வரவேண்டும். வரவில்லை. அழகரத்தினம் முத்தலிப் காக்காவையும் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். போகும் வழியெல்லாம் காக்கா, “நீதான் கதைக்க வேணும் தம்பி, முன்மொழிஞ்சது நீ” என்றார். “வழிமொழிஞ்ச ஆளுக்கு வாயில்லையா?” என்றார் இவர்.

வினாயகமூர்த்தி இருவரையும் இருத்தி வைத்து அன்பாகத்தான் பேசினார். “தேர்தலென்பது ஒரு குழப்பம். வெள்ளமும் ஒரு குழப்பம். ஒரே பருவத்தில் இரண்டு குழப்பங்களை மருதங்கழி தாங்குமா? சொல்லுங்கள். சனநாயகத்தை நான் ஒழித்துவிட்டேன் என்று சிலர் பேசுவதாக அறிகிறேன். ஒழிக்கவில்லை. பத்திரமாக உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன். வெளியில் விட்டால் நனைந்துவிடும்.”

“அப்ப எப்ப வெளிய எடுப்பீங்க, தலைவர்?”

“மழையே பெய்யாத ஒரு மாரியில்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அழகரத்தினம் அவர்களே, இந்த அதிகாரம் எனக்கு எவ்வளவு பாரம் தெரியுமா? இரவில் உறங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உறங்குகிறேன். இதை எனக்குத் தந்தவர் நீங்கள். தந்தவரே வந்து கேள்வி கேட்டால் என் மனம் புண்படாதா?”

அழகரத்தினம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். சத்தியமாகத்தான். தலைவரின் மனதைப் புண்படுத்தினதற்காக மன்னிப்புக் கேட்டார், படலையைத் தாண்டின பிறகுதான் தான் என்ன கேட்கப் போனோம் என்பது ஞாபகம் வந்தது. காக்கா அவருக்கு முன்னமே மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே நின்றார்.

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்க்கவில்லை, வானம் பிளந்தது. இது கார்த்திகை மழை போலில்லை. கதிர் தலை சாய்க்கிற பருவம். கதிர் தண்ணீருக்குள் இரண்டு மூன்று நாள் கிடந்தால் முளைத்துவிடும், பிறகு மாட்டுக்கும் உதவாது. விடியற்காலையில் அழகரத்தினம் வரம்பில் போய் நின்றார். வரம்பு எங்கே என்று காலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கதிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடினார்.

தலைவர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். முற்றத்துத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டபடியால் காலிரண்டையும் தூக்கி இன்னொரு கதிரையில் வைத்திருந்தார்.

“தலைவர், வெள்ளம்! திட்ட வெட்டச் சொல்லுங்க!”

“சொற்பிரயோகத்தில் கவனம். இது வெள்ளமல்ல. நீர்மட்டம் தொடர்பான ஓர் அபிப்பிராய பேதம்.”

“ஐயோ, உங்கட செருப்பு மிதக்குது தலைவர்!”

தலைவர் செருப்பைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். “உள்ளதைச் சொல்கிறேன். இப்போது நடைமுறையிலிருக்கும் அவசரகாலம் கார்த்திகை வெள்ளத்துக்கானது. தை வெள்ளத்துக்குப் புதிதாகப் பிரகடனம் செய்ய வேண்டும். புதிதைச் செய்யப் பழையதை நீக்க வேண்டும். பழையதை நீக்கினால் அந்தக் கணமே தேர்தல் வந்துவிடும், ஏனென்றால் என் பதவிக்காலம் மார்கழியிலேயே முடிந்துவிட்டது. பதவியில்லாத ஒருவர் எப்படிப் பிரகடனம் செய்வார்? செய்தால் அது யாப்புமீறல். யாப்பை மீற என்னால் முடியாது.”

“பழையபடி இரட்டைமண் வெட்டலாமே?”

“அது அவசரகாலத்தில் இடைநிறுத்தப்பட்டுள்ளது.”

“அப்ப தலைவர், எண்ட நெல்லு?”

“வெள்ளம் வரும், போகும். பதவி அப்படியல்ல. அதைத்தான் நாம் முதலில் பாதுகாக்க வேண்டும்” என்றார் வினாயகமூர்த்தி. அவர் குரலில் நடிப்பில்லை. பாவம், மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னார்.

அழகரத்தினம் வீதிக்கு வந்தார். எதிரே முத்தலிப் காக்கா, தலையில் சாக்கு, கையில் மண்வெட்டி. “எண்ட வயலும் போயிற்று தம்பி. வா, போய் வெட்டுவம்.”

“நம்ம ரெண்டு பேரும் வயல்காரர் காக்கா. தோணாப் பக்கத்து ஆள் வேணுமே.”

காக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அப்ப கேக்கப் போவம். நீ முன்னுக்கு நட.”

சுலோஜனா வீட்டு வாசலில் அழகரத்தினம் நின்ற நிலை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கூரை ஒழுக்கின் கீழே நின்றார், நனைகிறோம் என்பதுகூடத் தெரியவில்லை. “தங்கச்சி...” என்று தொடங்கினார்.

“வாங்கண்ணன். பெரிசா யோசிக்கிற ஆக்கள் சின்ன வீட்டுக்கு வந்திரிக்கீங்க.”

“நான் மடையன் புள்ள.”

“அது ஊருக்கே தெரியும். வந்த காரியத்தச் சொல்லுங்க.”

சொன்னார். அவள் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டாள், பிளேன்ரீ ஊற்றினாள். பெண்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு சுலோஜனா திரும்பினாள். “வெட்டலாம். ஆனா ஒரே வெட்டா அகலமா வெட்ட ஒண்ணா. முதல்ல நாங்க தோணாவாயில வல கட்டிருவம். மறுகா ஒடுக்கமா வெட்டுங்க. தண்ணி உங்களுக்குப் போகும், இறால் எங்களுக்கு நிக்கும்.”

“இவ்வளவுதானா?” என்றார் அழகரத்தினம்.

“இவ்வளவுதான். கார்த்திகையிலயும் இதத்தான் சொல்ல வந்த. கேட்டாத்தானே.”

பிளேன்ரீ இன்னும் ஆறவில்லை. இந்தப் பேச்சுக்கு நேரமெடுக்கும், ஊர் முங்கிவிடும் என்றுதான் பதினேழாம் பிரிவு வந்தது. அழகரத்தினம் மிச்சத் தேநீரை மடமடவென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

மணல்திட்டில் விஜிதரன் நின்றான். மண்வெட்டியோடும் வலையோடும் சனம் வருவதைக் கண்டு விசிலை எடுத்து மூச்சுப் பிடித்து ஊதினான். ஒருவரும் நிற்கவில்லை. அவனும் ஊதி முடித்து விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டான். “எண்ட கடமை ஊதிறது, ஊதிற்றன். இனி ஒரு மண்வெட்டியத் தாங்க. எங்கட வயலும் உள்ளுக்குத்தான் கிடக்கு.”

பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையைக் கட்டினார்கள். சுலோஜனாவும் அழகரத்தினமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று முதல் மண்ணை வெட்டினார்கள். அன்று பகல் முழுவதும் தண்ணீர் போனது. பொழுது சாய்கிற நேரம் பள்ளக்காணிக் கதிர்கள் சேறு பூசிக்கொண்டு மேலே வந்தன. பாதி நெல் தப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகரத்தினம் வரம்பில் குந்தியிருந்து வெட்கமில்லாமல் அழுதார். வலையிலும் நல்ல இறால்.

கதையை இதோடு நிறுத்தினால் அழகரத்தினத்துக்கு எவ்வளவு நல்லது! ஆனால் ஊர் விடவில்லை. பாடசாலை மண்டபத்தில் ஊரே கூடி வினாயகமூர்த்தியை இறக்கியது. அவருடைய மனைவி அன்னப்பூரணியும் கை உயர்த்தினாள். புதுத் தலைவர் யார்? ஒரே குரலில், அழகரத்தினம். பதினேழாம் பிரிவைக் கிள்ளி எறிவதுதான் தன் முதல் வேலை என்று அவர் தொண்டை கிழியச் சத்தியம் பண்ணினார். சத்தியம் பண்ணின சந்தோஷத்தில் தான் பட்ட பாட்டையும் விரிவாகச் சொல்லத் தொடங்கினார். தலைமையுரை அவர் ‘வரம்பைக் காலால் தடவின’ கட்டத்துக்கு வருகையில், அறுவடை மெஷின் வட்டைக்குள் இறங்கிவிட்டதாக யாரோ கூவ, சனம் எழும்பி ஓடியது. யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆள் வேண்டும். மண்டபத்தில் அழகரத்தினமும் ஒலிபெருக்கிக்காரனும் நின்றார்கள்.

மறுநாள் விஜிதரன் யோசனை சொன்னான். “சனத்த இனிக் கூட்டேலாது தலைவர். பதினேழாம் பிரிவில அவசரகாலத்தப் போட்டா நீங்களே தனியா அந்தப் பிரிவ நீக்கலாமே.”

முள்ளை முள்ளால் எடுப்பது. அழகரத்தினத்துக்கு நியாயமாகத்தான் பட்டது. நீக்குவதற்காகத்தான் போடுகிறோம், ஒரு நாளைக்கு மட்டும்தான். போட்டார். போட்டுவிட்டு வீட்டுக்குப் போகையில் முன்னால் விசில் சத்தம் கேட்டது. ஊதவேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இரண்டு மாடு ஒதுங்கி நின்று அவரைப் பார்த்தன. பிறந்த நாளிலிருந்து ஒரு மாடு அவருக்கு ஒதுங்கியதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று கையை அசைத்துவிட்டார்.

அடுத்த நாள் நீக்க உட்கார்ந்தவருக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கு நீக்கினால் நாளைக்கு இன்னொருவன் வந்து திரும்பச் சேர்த்தால்? அப்படிச் சேர்க்காமல் தடுக்க யாருக்காவது அதிகாரம் வேண்டுமே. அதற்கு இந்தப் பிரிவு தேவையல்லவா? அதற்கடுத்த நாள், நீக்க முதல் ஊருக்கு நாலு நல்ல காரியம் செய்துவிடலாமே என்று தோன்றியது. நல்ல மனிதன் கையில் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? வெறுமையாக நின்ற மூன்றாவது கதிரையில் முத்தலிப் காக்காவை இருக்கச் சொல்லிக் கேட்டார். “எனக்கு நாரி நோவு தம்பி, கதிரையில இரிக்கேலாது” என்று காக்கா நழுவிவிட்டார்.

இந்த நாட்டில் எத்தனை பேர் சனாதிபதி முறையை நீக்குகிறேன் என்று சொல்லி வந்து எத்தனை வருஷம் வைத்திருந்தார்கள்! தான் ஒரு சிறுபோக நெல் அறுக்கும்வரை மட்டும் வைத்திருந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது என்று அழகரத்தினம் கணக்குப் போட்டார்.

“கேதீஸ், தேநீர் தொடர்பில் என்ன நடவடிக்கை?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அவருக்கே திக்கென்றது.

“நடவடிக்க அடுப்படியில இரிக்கு. நடந்து போய் எடுத்துக் குடிங்க” என்றாள் கேதீஸ்வரி.

வைகாசி வெயிலில் ஒரு பின்னேரம் சுலோஜனா வந்தாள். அழகரத்தினம் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வந்து தலைவர் கதிரையில் இருந்தார். தோணாவாயை மூடும் காலம் அது. தை வெள்ளம் அடித்துக்கொண்டுபோன திட்டை அலை இந்த முறை முழுக்க மூடவில்லை, மண்மூட்டை போட்டு உயர்த்தாவிட்டால் வரும் மாரிக்கு இறால் நிற்காது, உப்புத் தண்ணீரும் ஏறி வயலைக் கெடுக்கும். அனுமதி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன உரை மனதில் தயாராக இருந்தது.

“சொல்லுங்க தங்கச்சி. திட்டு விஷயமா? பரிசீலிப்பம். என்னட்டக் கேட்டது நல்லது.”

“கேக்க வரல்ல அண்ணன். சொல்ல வந்தன். நேற்று மூடிற்றம். வயல் பக்கத்துக்கு முத்தலிப் காக்கா நிண்டார், தோணாவுக்கு நான். ஆக்களெல்லாம் வந்தாங்க. உங்களுக்குத் தெரியாம இரிக்கக்கூடாதே எண்டுதான்...”

அழகரத்தினம் வாசலைப் பார்த்தார். விஜிதரனைக் காணவில்லை. அவனும் நேற்று மண்மூட்டை சுமக்கத்தான் போயிருந்தானாம், தோள்மூட்டில் நோ என்று படுத்திருக்கிறானாம். கேதீஸ்வரியும் போயிருந்தாள், அதுவும் சுலோஜனா சொல்லி இப்போதுதான் தெரிகிறது. ஊரே செய்து முடித்த ஒரு காரியம், அவசரகால அதிகாரமெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற தனக்கு ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்தார். கோபம் வரும் என்று பார்த்தார். வந்தது வெட்கம்தான். வெட்கத்துக்குப் பின்னால், பாருங்கள், ஓர் ஆசையும் வந்தது.

“சரி புள்ள, நல்ல வேலதான். ஒரேயொரு உதவி.” குரலைத் தாழ்த்தினார். “நான் சொல்லித்தான் செஞ்சதெண்டு ஊருக்க ஒரு சொல்லுச் சொல்லிருவீங்களா?”

சுலோஜனா அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அவருக்காக இரக்கப்பட்டது மாதிரித்தான் இருந்தது.

“அத நான் ஒராளாச் சொல்லேலா அண்ணன்” என்றாள். “எங்கட ஆக்களக் கூட்டிக் கேட்டுத்தான் சொல்லுவன்.”